பழைய லொறிக்குப் பெரிய எஞ்சின்

 

தெரிந்த ஒரு தொழிலின் வரலாற்றை அரை மணிநேரம் பேசும்படி ஒருங்கிணைப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். நான் தாதி. டிப்ளோமா படித்து, இந்த நாட்டில் பல வருடங்களாக இரவு வேலை செய்கிறவள். மருத்துவமனையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஆனால் நான் பேச வந்தது லொறி எஞ்சினைப் பற்றி. ஒரு பழைய லொறியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய, எரிபொருளைப் பீச்சி அடிக்கும் எஞ்சினைப் பூட்டுவதைப் பற்றி. என் அப்பா லொறிக்காரர். அந்த வேலையால் எங்கள் வீட்டுக்கு வந்த நன்மையும் கேடும் எனக்குத் தெரியும்.

போன வருடம் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு முற்றத்தில் இதே வேலை மறுபடியும் நடந்தது. என் தம்பியும் அவனுடைய மகனும் 1973ஆம் ஆண்டு ஹோல்டன் 'வன் ரொன்னர்' ஒன்றை வாங்கி வந்தார்கள். முன்னுக்குக் கார் முகம், பின்னுக்குத் திறந்த தட்டு, ஒரு தொன் பாரம் ஏற்றும் சின்ன லொறி அது. அதிலிருந்த 3.3 லீற்றர் கார்பரேற்றர் எஞ்சினை எடுத்துவிட்டு, பிந்திய கொமடோர் கார் ஒன்றின் 3.8 லீற்றர் வி6 எஞ்சினைப் பூட்டுவது திட்டம். பெறாமகன் மோட்டார் மெக்கானிக்காகப் பழகுகிறவன். அவனுக்குத் தமிழ் விளங்கும், பேச்சு அவ்வளவாக வராது.

எண்பது கடந்த அப்பா வெளி விறாந்தையில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். எஞ்சின் தூக்கிய அன்று ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் எழும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்பு, பிறேக்குக்கு வக்கியூம் எங்கையிருந்து வருது?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் எஞ்சின். இலக்கியக் கூட்டத்தில் இது எதற்கு என்று கோபிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பெற்றோல் எஞ்சினில் கார்பரேற்றர் என்று ஒரு பாத்திரம் இருக்கும். எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கும்போது காற்று ஒரு ஒடுங்கிய குழாயால் விரைந்து போகும், போகும் வழியில் பெற்றோலையும் உறிஞ்சிக்கொண்டு போகும். எவ்வளவு காற்று உள்ளே போகலாம் என்பதை ஒரு தகடு கட்டுப்படுத்தும். அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுத்தால் தகடு மூடும். மூடிய தகட்டுக்குப் பின்னால் எஞ்சின் இழுக்க, அங்கே வெற்றிடம் உண்டாகும். இந்த வெற்றிடத்தைத்தான் மெக்கானிக்மார் 'வக்கியூம்' என்பார்கள். அதை ஒரு குழாயால் எடுத்துப் பிறேக்குக்குக் கொடுத்தால், சாரதியின் கால் அமத்தும் பலத்தோடு காற்றின் அமுக்கமும் சேர்ந்து பிறேக்கைப் பிடிக்கும். எங்கள் அப்பா வைத்திருந்ததைப் போன்ற பெட்போட் லொறிகளின் பிறேக் இப்படித்தான் வேலை செய்தது.

டீசல் எஞ்சின் வேறு சாதி. ருடோல்ஃப் டீசல் 1890களில் உருவாக்கியது. காற்றை மட்டும் உள்ளே எடுத்து, பதினைந்து, பதினாறு மடங்கு நெருக்கும். காற்று தானாகவே கொதிக்கும். அந்தக் கொதியில் எண்ணெயைப் பெரும் அமுக்கத்தில் பீச்சி அடித்தால் பொறி இல்லாமலே பற்றும். பீச்சி அடிப்பதுதான் கடினமான வேலை. ஜெர்மனியில் ரொபர்ட் பொஷ்ஷின் தொழிற்சாலை 1927இல் அதற்கான பம்பைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியபிறகுதான் டீசல் எஞ்சின் லொறிக்குள் அடங்கியது. இதில் காற்றுக்கு மூடுதகடு கிடையாது. சாரதியின் கால் கூட்டிக் குறைப்பது எண்ணெயை மட்டும்தான். தகடு இல்லாத இடத்தில் வெற்றிடமும் இல்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருங்கள்.

இங்கிலாந்தின் பீற்றபரோ நகரில் 1932இல் பிராங்க் பேர்கின்ஸ் என்பவர், சார்ள்ஸ் சப்மன் என்ற பொறியியலாளரோடு சேர்ந்து ஒரு கொம்பனி தொடங்கினார். பெற்றோல் எஞ்சின் இருந்த இடத்தில் அப்படியே உட்காரக்கூடிய, விரைவாகச் சுற்றும் இலகுவான டீசல் எஞ்சின் செய்வது அவர்கள் எண்ணம். 1937இல் வந்த அவர்களுடைய 'பி6' ஆறு சிலிண்டர், 4.73 லீற்றர், 83 குதிரைவலு. போருக்குப் பிறகு உலகம் முழுவதும் பெட்போட், டொட்ஜ், கொமர், ஃபோர்ட் லொறிகளின் பெற்றோல் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார்கள். பழைய லொறிக்குப் பெரிய எஞ்சின் பூட்டுவது தனியாட்களின் விளையாட்டாக இல்லாமல் ஒரு பெரிய வியாபாரமாக மாறிய காலம் அது.

அந்த வியாபாரத்தில் தமிழருக்கும் பங்குண்டு. சென்னையில் 1840இல் குதிரை வண்டி கட்டுவதற்காகத் தொடங்கிய சிம்சன் கொம்பனி, 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டியது. பிற்காலத்தில் அதன் தலைவரான அனந்தராமகிருஷ்ணன் 1950களில் செம்பியத்தில் பேர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கினார். அதே பத்தாண்டில் எண்ணூரில் ஓஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டோர்ஸ், அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லொறிக்கும் பஸ்ஸுக்கும் திரும்பியது. குதிரை வண்டியில் இருந்து டீசல் வரை ஒரே நகரத்தில் நடந்த மாற்றம் இது. அதைப் பற்றி நாம் பேசும்போது முதலாளிமாரின் பெயர்கள் வருகின்றன. சுத்தியலும் சாவியும் பிடித்தவர்களின் பெயர்கள் வருவதில்லை.

பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இலங்கையில் கதை வேறு. அங்கே எஞ்சின் செய்யவில்லை, இருந்ததைக் காப்பாற்றினார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். புது வாகனம் அபூர்வம், உதிரிப்பாகமும் அபூர்வம். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. அதைத் தெற்கே கொண்டுபோக லொறி வேண்டும். ஆனால் 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், சில மாதங்களில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நான்கு மடங்காகிவிட்டது. பெற்றோல் லொறி ஓட்டியவர்களுக்குக் கையைக் கடித்தது.

அப்பாவிடம் இருந்தது 1950களின் பெட்போட், ஐந்து தொன் லொறி, 3.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின். சாரதிக்கு முன்னால் அந்தோனியார் படம். 1975இல் அவருக்கு ஒரு பி6 எஞ்சின் கிடைத்தது. நெல்லுக் குத்தும் மில் ஒன்றில் பல வருடம் நின்ற இடத்திலேயே ஓடிய எஞ்சின். அதன் தகட்டில் பீற்றபரோ என்று எழுதியிருந்ததை அப்பா இன்றைக்கும் சொல்வார். கராஜ்காரர் மூன்று கிழமை வேலை செய்தார். எஞ்சின் பாரம் கூடியது என்பதால் முன் வில்லுக்கு இரண்டு தகடு கூடப் போட்டார். தாங்கிகளை உருக்கி ஒட்டினார். டீசல் மெதுவாகச் சுற்றுவதால் வேகம் குறையும் என்று, பின் அச்சின் பல்லுச் சக்கரங்களையும் தேடி மாற்றினார். படித்துப் பட்டம் பெறாத ஒருவர் இதெல்லாம் யோசித்துச் செய்தார் என்பதை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஒன்றுதான் விடுபட்டது. டீசலில் வெற்றிடம் இல்லை என்றேன் அல்லவா? ஆகவே டீசல் லொறிகளில் பிறேக்குக்கென்று வெற்றிடம் உண்டாக்கும் தனிப் பம்ப் ஒன்று எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். மில்லில் நின்ற எஞ்சினுக்குப் பிறேக் எதற்கு? அதில் அந்தப் பம்ப் இருக்கவேயில்லை. பழைய வெற்றிடக் குழாயின் வாயை அடைத்துவிட்டார்கள். "பிறேக் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும் அண்ணை, ஊண்டி மிதியுங்கோ" என்று கராஜில் சொன்னார்களாம். அப்பாவும் ஊன்றி மிதித்தார். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஒரு வருடம் ஒன்றும் தெரியவில்லை.

தெரிந்தது நல்லது மட்டும்தான். குதிரைவலு பெரிதாகக் கூடவில்லை. ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுவை வந்தது. ஒரு கலன் எண்ணெய்க்கு முன்னையதைவிட ஒன்றரை மடங்கு தூரம் போனதாக அப்பா கணக்கு வைத்திருந்தார். எஞ்சின் இழுக்கிறதே என்று ஐந்து தொன் லொறியில் ஏழு தொன் ஏற்றத் தொடங்கினார்கள். இதை அப்பா மறைப்பதில்லை. "எஞ்சின் பெருத்தது, என்ரை ஆசையும் பெருத்தது" என்பார்.

1976இல் வெங்காயத்தோடு கண்டிக்குப் போனார்கள். ஏறும்போது லொறி சிங்கம் மாதிரி ஏறியது. திரும்பும்போது மரக்கறியும் பலகையும் பாரம். மாத்தளை தாண்டி, நாலந்தைப் பக்கம் றோட்டு வளைந்து வளைந்து இறங்கும். பெற்றோல் எஞ்சின் என்றால் காலை எடுத்ததும் வண்டியை ஓரளவு பிடித்து வைக்கும். மூடுதகடு இல்லாத டீசல் அந்த அளவுக்குப் பிடிக்காது. அப்பா மிதித்தார். மிதிக்க மிதிக்கப் பிறேக் சூடேறியது, சூடேற ஏறப் பிடி குறைந்தது. இரண்டு காலாலும் மிதித்தேன் என்பார். வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மண்திட்டி. லொறியை இடப்பக்கம் திருப்பித் திட்டியில் மோதினார்.

இடப்பக்கத்தில் இருந்தது கிளீனர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. கதவும் தகடும் மடிந்து காலில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து கிளீனர் அண்ணை எங்கள் வீட்டில் ஒருவர். மாதம் முடிய வருவார். லொறி உழைத்த காசில் மூன்றில் ஒரு பங்கை அப்பா எண்ணிக் கொடுப்பார். அம்மா சில நேரம் முணுமுணுப்பா. அப்பா ஒரு நாளும் மறுமொழி சொன்னதில்லை. அண்ணை கட்டைக்காலைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வைத்துக் காலைக் கழுவித் துடைப்பார். வெட்டிய இடத்தில் தோல் புண்ணாகும். துணி பிடிப்பதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். நான் தாதியானதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நான் முதலில் கட்டுப்போட்ட காயம் அதுதான்.

விபத்துக்குப் பிறகு அந்தப் பம்பைத் தேடிப் பூட்டினார்கள். கழித்துவிட்ட ஒரு டீசல் லொறியில் இருந்ததாம். விலை ஒரு சோடி ரயரின் விலைகூட இல்லை. அப்பாவை உடைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். கிடைக்காத பொருளாக இருந்திருந்தால் காலத்தைக் குறை சொல்லலாம். அது கிடைத்தது, தேடவில்லை.

லொறி அதற்குப் பிறகும் இருபது வருடம் ஓடியது. 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை வந்ததை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். மோட்டார்சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல், சேலைன் போத்தலில் இருந்து குழாய் வழியாக. பின்னாளில் வார்ட்டில் சேலைன் ஏற்றும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் பெற்றோல் மணக்கும். லொறிக்கு அப்பா மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து விடுவார். பீச்சும் பம்புக்கு எண்ணெயேதான் வழுவழுப்பும். வெறும் மண்ணெண்ணெய் விட்டால் அது தேய்ந்துபோகும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அந்த லொறி எங்கள் தெருவையே ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்கு ஊர்ந்தது. இடப்பக்க ஆசனத்தில் கிளீனர் அண்ணை. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது லொறியை அங்கேயே விட்டோம். அண்ணை 2008இல் வன்னியில் நோய் கண்டு காலமானார்.

இனி நோபல் பார்க். மெல்பேர்ண் நகர மையத்தில் இருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர். பக்கத்தூர் டண்டினோங். இன்று எங்கள் ஆட்கள் சேலை, சாமான், கொத்துரொட்டி வாங்கும் இடமாக அதை அறிவீர்கள். 1950களில் அது லொறிக்கும் காருக்கும் பேர்போன இடம். இன்டர்நாஷனல் ஹார்வெஸ்டர் அங்கே லொறி செய்தது. அந்தத் தொழிற்சாலை 1992இல் இவெகோவின் கைக்குப் போனது. ஜெனரல் மோட்டோர்ஸ் ஹோல்டன் 1956இல் திறந்த தொழிற்சாலைக்கென்று தனி ரயில் நிலையமே இருந்தது. பெயரும் 'ஜெனரல் மோட்டோர்ஸ்'. ஐரோப்பாவில் இருந்து போருக்குப் பின் வந்த குடியேறிகள் அங்கே இறங்கி வேலைக்குப் போனார்கள். கார் பூட்டுவது 1980களின் கடைசியில் நின்றது, நிலையத்தை 2002இல் மூடினார்கள். 2017இல் ஹோல்டன் இந்த நாட்டில் கார் செய்வதையே நிறுத்தியது. தம்பி வாங்கிய சின்ன லொறி அந்தக் காலத்தின் மிச்சம்.

பெற்றோல் எஞ்சினுக்கும் பீச்சி அடிக்கும் முறை பரவியதற்கு இங்கே காரணம் வேகமல்ல, காற்று. 1986 முதல் புதுக் கார்கள் ஈயம் கலக்காத பெற்றோலில் ஓட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். நஞ்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிப் பெட்டியையும் அது கெடுத்துவிடும். அந்தப் பெட்டி வேலை செய்யக் காற்றும் பெற்றோலும் மிகச் சரியான அளவில் கலக்க வேண்டும். கார்பரேற்றரால் அது கடினம். ஒரு சிறு கணினி எஞ்சினின் சூட்டையும் சுழற்சியையும் புகையில் மிஞ்சும் ஒட்சிசனையும் கணத்துக்குக் கணம் பார்த்து அளந்து பீச்சுகிறது. 1986இல் கொமடோருக்கு நிசான் 3 லீற்றர் எஞ்சின் இந்த முறையில் வந்தது, 1988இல் 3.8 லீற்றர் வி6. பிறகு அந்த எஞ்சின்கள் பழைய கார் உடைக்கும் யார்டுகளில் மலிந்தன. பழைய ஹோல்டன் வைத்திருந்தவர்கள் வாங்கிப் பூட்டினார்கள்.

தம்பியும் பெறாமகனும் எஞ்சினை இறக்கியது ஒரே ஒரு சனிக்கிழமையில். மற்ற எல்லாவற்றுக்கும் பதினொரு மாதம் எடுத்தது. பழைய பெற்றோல் பம்ப் தரும் அமுக்கம் ஐந்து பவுண்ட் அளவு, இந்த எஞ்சினுக்கு நாற்பதுக்கு மேல் வேண்டும். ஆகவே புது மின்பம்ப், புதுக் குழாய், தாங்கிக்குத் திரும்பிப் போகும் இன்னொரு குழாய். பிறகு கணினி, வயர்கள், றேடியேற்றர். விக்டோரியாவில் இப்படி மாற்றினால் 'வாஸ்' என்ற திட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று கேட்கவேயில்லை. தாங்கிகளைப் பார்த்தார், பெற்றோல் குழாய் எதில் உராய்கிறது என்று பார்த்தார், புது எஞ்சினோடு வந்த புகைச் சுத்திகரிப்பு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறேக்கைப் பெரிதாக்கும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பிக்குக் கோபம். இன்னும் இரண்டாயிரம் டொலர் செலவு. அந்தக் கிழமை அப்பாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அப்பா பொறியியலாளரின் பக்கம் என்பதால்.

இந்த நாட்டுச் சட்டம் நல்லது, எங்கள் ஊர்க் கராஜ் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கராஜ்காரர் இல்லையென்றால் 1975இல் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திராது. அவருக்குப் பம்பைப் பற்றித் தெரிந்துதான் இருந்தது. காசும் நேரமும் இல்லாத இடத்தில், "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பது எப்போதும் நிறுத்துகிற பாகத்தைத்தான். ஓடுகிற பாகத்தை யாரும் தள்ளிவைப்பதில்லை. வார்ட்டிலும் இதைப் பார்க்கிறேன். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் அவசரம், வீட்டுக்குப் போன பிறகு யார் கட்டு மாற்றுவது என்று கேட்பதில் இருப்பதில்லை. எஞ்சின்களின் வரலாற்றை லீற்றரிலும் குதிரைவலுவிலும் எழுதிவிட்டார்கள். பிறேக்கின் வரலாறு கிளீனர் அண்ணையின் காலில்தான் எழுதியிருந்தது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். "வக்கியூம்" என்ற சொல் பெறாமகனுக்கு உடனே விளங்கியது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் இருக்கும் சில பொதுச் சொற்களில் அதுவும் ஒன்று. இது பெற்றோல் எஞ்சின், பீச்சி அடித்தாலும் காற்றுக்கு மூடுதகடு உண்டு, ஆகவே வெற்றிடம் உண்டு. அவன் தகட்டுக்குப் பின்னால் இருந்து பிறேக்குக்குப் போகும் கறுப்புக் குழாயைக் காட்டினான். நடுவில் ஒரு வழிக் கதவு, எஞ்சின் நின்றாலும் ஒன்றிரண்டு மிதிக்கு வெற்றிடம் மிஞ்சும் என்று கையால் காட்டினான். அப்பா குழாயை முழு நீளமும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இதைப் பூட்டாமல் ஒரு அடி நகர்த்தாதை" என்றார். அவனும் "ஓம் தாத்தா" என்றான்.

கையெழுத்துக் கிடைத்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, முதல் ஓட்டத்துக்கு அப்பாவைத்தான் ஏறச் சொன்னார்கள். சாரதி இருக்கையில் இருக்கும்படி தம்பி கேட்டான். அப்பா மாட்டேன் என்று இடப்பக்கம் போய் ஏறிக்கொண்டார். ஏன் என்று பேரன் என்னிடம் கேட்டான். அன்று இரவு இந்தக் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீடுகளிலும் லொறி ஓட்டிய, கராஜில் நின்ற, மில் எஞ்சின் பார்த்த அப்பாமார், மாமாமார் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எஞ்சின் பெயரைக் கேளுங்கள், வருடத்தைக் கேளுங்கள். இடப்பக்கம் யார் இருந்தது என்றும் கேளுங்கள்.

 கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள், இன்றைக்கு எனக்கு இரவு வேலை இல்லை.